சோயா மூட்டையின் தையல்

காய்ந்த சோயாத் துண்டுகள் எங்கள் தொழிற்சாலைக்கு லாரியில் மூட்டை மூட்டையாக வரும். ஒரு மூட்டை இருபது கிலோ. அதே எடையுள்ள அரிசி மூட்டையைப் பக்கத்தில் வைத்தால் சோயா மூட்டை மூன்று மடங்கு பெரிதாகத் தெரியும். தோளில் ஏற்றினால் கனம் பெரிதாக இருக்காது, ஆனால் கைக்குள் அடங்காது. அசைத்தால் உள்ளே சரளைக்கல் உரசுவது போலச் சத்தம் வரும். தாள் மூட்டையின் வாயை வெள்ளை நூலால் தைத்திருப்பார்கள். சரியான முனையைப் பிடித்து இழுத்தால் தையல் முழுவதும் ஒரே இழுப்பில் வந்துவிடும். தவறான முனையைப் பிடித்தால் இறுகிக்கொள்ளும், பிறகு கத்தரிக்கோல்தான். பார்த்தவுடன் எனக்குச் சரியான முனை தெரியும். பதினேழு வருடமாக அதைத்தான் செய்கிறேன்.

மலேசியாவில், கூலாய் ஊருக்கு வெளியே ஒரு சீனருடைய தொழிற்சாலை அது. சைவ ஆட்டிறைச்சி, சைவக் கோழி, சைவ மீன் எல்லாம் செய்து உறைய வைத்துக் கடைகளுக்கு அனுப்புகிறார்கள். நான் இருப்பது ஊறவைக்கும் பகுதி. பெரிய தொட்டியில் சுடுநீர் விட்டு, மூட்டையைப் பிரித்துக் கொட்டுவேன். கல் மாதிரி இருந்த துண்டுகள் மெல்ல உப்பி, பஞ்சு மாதிரி ஆகும். தண்ணீர் மஞ்சளாக மாறி நுரை கட்டும். அதை வடித்து, பிழிந்து, மறுபடி புதுத் தண்ணீர் விட வேண்டும். இப்படி மூன்று தடவை. ஒரு தடவை குறைந்தாலும் வேகாத பயறு வாடை போகாது. எவ்வளவு மசாலா போட்டாலும் நாக்கின் அடியில் நிற்கும். பிழிவதற்கு இயந்திரம் இருக்கிறது. இருந்தாலும் கடைசியில் ஒரு கைப்பிடி எடுத்து நானே பிழிந்து, முகர்ந்து பார்த்துத்தான் அனுப்புவேன்.

பிழிந்தது பிளாஸ்டிக் திரைக்கு அந்தப் பக்கம் போகும். அங்கேதான் கலக்குவார்கள், உருட்டுவார்கள், ஆவியில் வேக வைப்பார்கள். அந்தப் பக்கம் வேறு ஆட்கள், வேறு நிறத் தொப்பி. நான் போனதில்லை. போகக் கூடாது என்று யாரும் சொல்லவில்லை. எனக்கு நாலு பேர் இருக்கிற இடத்துக்குள் நுழைவதே கூச்சம். சாப்பாட்டு நேரத்தில்கூட மூட்டைகள் அடுக்கிய கிடங்கில் தனியாக உட்கார்ந்துதான் சாப்பிடுவேன். தமிழ்ப் பள்ளியில் ஆறாம் வகுப்பு வரை படித்தேன். அப்போதும் கடைசி வரிசைதான்.

அங்கே செய்து முடித்ததில் உடைந்த துண்டுகள், அளவு சரியில்லாத துண்டுகள் எல்லாவற்றையும் ஒரு தொட்டியில் போட்டு வைத்து, வெள்ளிக்கிழமை வேலையாட்களுக்குப் பையில் கட்டிக் கொடுப்பார்கள். வெறும் பை, மேலே ஒன்றும் எழுதியிருக்காது. நான் வாங்கி வருவேன். என் மனைவி அதைக் காய்ந்த மிளகாய், சோம்பு போட்டு வறுவல் செய்வாள்.

அந்த வறுவலை விரும்பிச் சாப்பிட்டவர் என் மனைவியின் அக்கா. பொந்தியானில் தனியாக இருந்தார். அன்னாசிப்பழத் தொழிற்சாலையில் தோல் சீவும் வேலை செய்து ஓய்வு பெற்றவர். கணவர் சீக்கிரமே போய்விட்டார், பிள்ளைகள் இல்லை. பண்டார் தெங்காரா பக்கத்து எஸ்டேட்டில் தாய் இறந்தபோது என் மனைவிக்கு மூன்று வயது. அப்போது பதினான்கு வயதான அக்காதான் அவளை இடுப்பில் தூக்கி வளர்த்தார். அவளுக்கு நாற்பத்தைந்து வயதான பிறகும் அக்கா அவளைப் "பாப்பா" என்றுதான் கூப்பிட்டார்.

எங்கள் ஃபிளாட்டுக்கு வந்தால் என்னைச் சீண்டாமல் போகமாட்டார்.

"தம்பி, உங்க ஃபாக்டரி ஆடு எந்த எஸ்டேட்டுல மேயுது?"

நான் சிரிப்பேன். பதில் சொல்ல வராது.

"பாவம் லா. மேய்க்கிறவரு வாயே தொறக்க மாட்டாரு, அதான் ஆடும் கத்த மாட்டேங்குது. பாப்பா, இன்னும் ரெண்டு துண்டு வை."

அந்த அக்காவுக்கு வயிற்றில் கட்டி வந்தது. ஜொகூர் பாரு பெரிய ஆஸ்பத்திரியில் அறுவை செய்தார்கள். முழுவதும் எடுக்க முடியவில்லை, மருந்து ஏற்றிப் பார்க்கலாம், உறுதியாகச் சொல்ல முடியாது என்றார் டாக்டர். மலாயில்தான் சொன்னார். என் மனைவி படிவம் மூன்று, அதாவது ஒன்பதாம் வகுப்பு வரை படித்தவள், எல்லாம் புரிந்தது. எனக்குப் பாதிதான் புரிந்தது. மீதியை அவள் முகத்தைப் பார்த்துத் தெரிந்துகொண்டேன்.

அன்றைக்கு ஆஸ்பத்திரியில் இருந்து திரும்பும்போது பேருந்தில் சொன்னாள்.

"பால்குடம் எடுக்கறதா வேண்டிக்கிட்டேன். மூணு வருஷம். நாப்பத்தெட்டு நாள் விரதம்."

"ஒடம்பு தாங்குமா?" என்று கேட்டேன். அவளுக்கு இரத்தம் குறைவு. எழுந்து நின்றாலே தலை சுற்றும் என்பாள்.

"அக்கா தாங்குறாங்க இல்ல," என்றாள்.

மார்கழி பிறந்த வாரம் விரதம் தொடங்கினாள். விடியுமுன் தலைக்குக் குளிப்பாள். தரையில் பாய் விரித்துப் படுப்பாள். ஒரு வேளை சாப்பாடு, இராத்திரி பாலும் பழமும். அவள் ஒரு தொழிற்சாலைக் கண்டீனில் சாப்பாடு போட்டுக் கொடுக்கும் வேலையில் இருந்தாள். எட்டு மணி நேரம் நின்றபடிதான் வேலை. பத்தாவது நாள் கண்டீனில் மயங்கி உட்கார்ந்துவிட்டதாக அவளுடன் வேலை செய்த பெண் எனக்குப் போன் செய்தாள்.

அன்று நான்தான் சொன்னேன். வெறும் சோறும் பருப்பும் போதாது, சோயா சாப்பிடு, இறைச்சிக்குச் சமமான சத்து என்று கடைக்குப் போகும் எங்கள் பைகளின் மேலேயே போட்டிருக்கிறது, நான் வாரா வாரம் கொண்டு வருகிறேன் என்றேன். என் வாழ்க்கையில் ஒரே மூச்சில் நான் பேசிய நீளமான பேச்சு அதுவாகத்தான் இருக்கும்.

அவள் தயங்கினாள். "சுத்தமா இருக்குமா?"

"என் கையால ஊற வெச்சது," என்றேன்.

அதற்குமேல் அவள் கேட்கவில்லை.

வெள்ளிக்கிழமை பையை நிரப்பிக்கொண்டு வந்தேன். வெங்காயம், பூண்டு சேர்க்காமல் மிளகும் சீரகமும் போட்டு அவள் சமைத்தாள். முருகன் படத்துக்கு முன்னால் வைத்துக் கும்பிட்டுவிட்டுத்தான் சாப்பிட்டாள். ஒரு வாரத்தில் முகம் கொஞ்சம் தெளிந்தது. மயக்கம் வரவில்லை. நான் உள்ளுக்குள் பெருமைப்பட்டேன் என்பதையும் எழுதிவிட வேண்டும். தொட்டியில் பிழியும்போது, இதில் ஒரு பிடி அக்காவுக்குப் போய்ச் சேர்கிறது என்று நினைத்துக்கொள்வேன். பிழிவது வழிபாடு மாதிரி இருந்தது அந்த நாட்களில்.

முப்பத்தி நான்காவது நாள், கலக்கும் பகுதியில் ஒருவர் வரவில்லை. சூப்பர்வைசர் என்னைக் கூப்பிட்டு, அந்தப் பக்கம் போய் மூட்டைகளை எடுத்துக் கொடு என்றார். வேறு நிறத் தொப்பியை மாட்டிக்கொண்டு திரையை விலக்கி உள்ளே போனேன். கலக்கும் இயந்திரத்தின் பக்கத்தில் ஒரு சீன அம்மா நின்றிருந்தார். ஐம்பது வயதுக்கு மேல் இருக்கும். நல்லவர். நான் ஊறவைத்த துண்டுகள் இயந்திரத்துக்குள் விழுந்தன. மாவு போட்டார், எண்ணெய் விட்டார். பிறகு ஓரத்தில் இருந்த ஒரு மூட்டையைக் காட்டினார். தூக்கிக்கொண்டு வந்தேன். மூட்டையில் ஒரு கோழிப் படம் இருந்தது. கீழே மலாயில் 'தெலுர்' என்று எழுதியிருந்தது. முட்டை. அந்தச் சொல்லை ஒன்றாம் வகுப்பிலேயே படித்திருக்கிறேன்.

தப்பான மூட்டையை எடுத்துவிட்டேன் என்றுதான் முதலில் நினைத்தேன். எனக்குத் தெரிந்த மலாயில் கேட்டேன். அவர் சிரித்தார். முட்டை வெள்ளைத் தூள், இது போடாவிட்டால் ஒட்டாது, வேகும்போது உதிர்ந்துபோகும் என்றார்.

"இது சைவம்தானே?" என்று கேட்டேன்.

சைவம்தான், முட்டையும் சைவம்தானே, அதற்கு உயிர் இல்லையே என்றார். சுத்த சைவம் வேண்டும் என்பவர்களுக்கு முட்டை இல்லாமலும் செய்கிறோம், அதற்கு வேறு பை, பச்சைக் கோடு போட்டது என்றார்.

"வெள்ளிக்கிழமை தொட்டி?" என்றேன்.

இரண்டும்தான் அதில் கிடக்கும் என்று சொல்லிவிட்டு அவர் தூளை அளந்து கொட்டினார். மாதம் இரண்டு நாள் அவரும் விரதம் இருப்பவர்தான். அவர் விரதத்தில் முட்டை உண்டு. எங்கள் விரதத்தில் முட்டையும் ஆட்டுக்கறியும் ஒன்றுதான். அதை அவருக்குச் சொல்ல எனக்கு மலாய் போதவில்லை. சொல்லியும் என்ன ஆகப்போகிறது.

ஊறவைக்கிற வேலையை வைத்துக்கொண்டு, எல்லாம் தெரிந்தவன் போல "என் கையால" என்று சொல்லியிருக்கிறேன். என் கை தொட்டது பாதி வேலைதான். திரைக்கு அந்தப் பக்கம் என்ன நடக்கிறது என்று ஒரு தடவை எட்டிப் பார்த்திருந்தால் போதும். கூச்சம். வேறு காரணம் எதுவும் என்னிடம் இல்லை.

அன்று சாயங்காலம் மோட்டார் சைக்கிளில் வரும்போது சொல்ல வேண்டியதை வாய்விட்டே சொல்லிப் பார்த்தேன். ஹெல்மெட்டுக்குள் யாருக்கும் கேட்காது. "ஒரு தப்பு நடந்துபோச்சு." "எனக்குத் தெரியாது." "கோயில்ல குருக்கள்கிட்ட கேப்போம்." மூன்று வாக்கியம்தான். படியேறி வீட்டுக்கு வந்தேன். அவள் போனைக் காதில் வைத்துக்கொண்டு அழுதுகொண்டே சிரித்தாள். என்னைப் பார்த்ததும் போனை என் பக்கம் நீட்டினாள்.

"அக்கா. உங்ககிட்ட பேசணுமாம்."

"தம்பி," என்றார் அக்கா. குரல் கம்மியிருந்தது, ஆனால் பழைய குரல்தான். "இன்னிக்கு ரெண்டு இட்லி உள்ள போயி அங்கயே தங்கிடுச்சு. பாப்பா விரதம் வேல செய்யிது போல. நல்லாப் பாத்துக்குங்க அவள. ஒங்க ஆட்ட அறுத்துப் போடுங்க."

"சரிக்கா," என்றேன்.

மூன்று வாக்கியமும் உள்ளேயே போயின.

அந்த வெள்ளிக்கிழமை வெறுங்கையோடு வந்தேன். தொழிற்சாலையில் இப்போது கொடுப்பதில்லை என்றேன். "பரவால்ல, இன்னும் கொஞ்ச நாள்தானே," என்றாள். மீதி இருந்ததை அவள் வேலைக்குப் போன நேரத்தில் எடுத்துக்கொண்டு போய்க் குப்பையில் போட்டேன். கெட்டுப்போய்விட்டது என்று சொன்னேன். விரதத்தில் மீதி இருந்த பதினான்கு நாளில் நான் சொன்ன பொய்கள் இந்த இரண்டும்தான். மற்ற நேரமெல்லாம் சும்மா இருந்தேன். சும்மா இருப்பதில் எனக்குப் பழக்கம் அதிகம்.

தைப்பூசத்தன்று மஞ்சள் சேலை கட்டி, வெறுங்காலோடு பால்குடம் எடுத்தாள். வெயிலில் தார் கொப்பளித்தது. நான் பக்கத்தில் தண்ணீர்ப் போத்தலோடு நடந்தேன். ஒரு சொட்டுப் பால் சிந்தவில்லை. அதைச் சொல்லிச் சொல்லி மகிழ்ந்தாள். "பாத்தீங்களா, ஒரு சொட்டு சிந்தல. கை நடுங்கவே இல்ல." நான் தலையாட்டினேன். அன்று மட்டும் அவள் முகத்தை நேராகப் பார்க்க முடியாமல் குடத்தையே பார்த்துக்கொண்டு நடந்தேன்.

மாசி முழுவதும் அக்கா நன்றாக இருந்தார். பொந்தியான் வீட்டுக்கே திரும்பிப் போனார். பங்குனியில் ஒரு காலை வயிறு வீங்கி, மறுபடி ஆஸ்பத்திரிக்கு வந்தார். ஐந்து நாள். பாப்பாவின் கையைப் பிடித்தபடியே போய்விட்டார்.

பொந்தியான் வீட்டில்தான் காரியம். மூன்றாம் நாள், தூரத்து உறவில் பெரியம்மா முறையுள்ள ஒருத்தி வந்தாள். என் மனைவியைக் கட்டிப்பிடித்து அழுதாள். மூக்கைத் துடைத்துக்கொண்டு கேட்டாள்.

"விரதத்துல ஏதாச்சும் கொற வெச்சிட்டியா, ம்மா? இல்லன்னா இப்படி ஆகாதே."

பத்துப் பேருக்கு நடுவில் கேட்டாள். கெட்ட எண்ணம் என்று சொல்லமாட்டேன். எங்கள் ஆட்கள் கேட்கிற கேள்விதான். என் மனைவி அந்த நிமிடத்தில் இருந்து அந்தக் குறையைத் தேட ஆரம்பித்துவிட்டாள். ஒவ்வொரு நாளையும் எண்ணிப் பார்ப்பாள். பன்னிரண்டாம் நாள் குளிக்கும்போது தண்ணீர் நின்றுபோய் வெயில் வந்த பிறகு குளித்தது. இருபதாம் நாள் கீழ்வீட்டுக்காரியிடம் கோபப்பட்டது. ஒவ்வொன்றாகத் தூக்கிப் பார்த்து, இது இல்லை என்று வைப்பாள். கடைசியில் ஒன்றைப் பிடித்துக்கொண்டாள்.

பதினாறாம் நாள் சாப்பாட்டுக்கு இருநூறு பேர். சமையல்காரர் பட்டியலில் சோயா வறுவலும் இருந்தது. அக்காவுக்குப் பிடித்தது என்று என் மனைவிதான் சொல்லியிருந்தாள். காய்ந்த சோயா ஒரு மூட்டை நான் வாங்கி வந்தேன். "அண்ணே, நீங்க அந்த ஃபாக்டரி ஆளாச்சே, ஊற வெக்கிறத நீங்களே பாத்துக்குங்க," என்று சமையல்காரர் என்னிடம் விட்டுவிட்டார். எனக்கு அது வசதி. வீட்டுக்குப் பின்னால், ஆட்கள் இல்லாத இடத்தில், நான்கு பெரிய பாத்திரங்களை வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன்.

இரண்டாவது தண்ணீரை வடிக்கும்போது அவள் வந்து பக்கத்தில் இருந்த கட்டையில் உட்கார்ந்தாள். கொஞ்ச நேரம் என் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"கோழிக் கரண்டிதாங்க," என்றாள்.

"என்ன?"

"கண்டீன்ல அந்தப் பொண்ணு வரலன்னு ரெண்டு நாள் நான் கோழிக் கறி அள்ளிப் போட்டேன். கரண்டியப் புடிச்ச கையோடதான் தண்ணி குடிச்சேன். அதான். வேற ஒண்ணும் இல்ல. நான்தான் அக்காவ..."

முடிக்கவில்லை. என் கையில் ஒரு பிடி சோயா இருந்தது. பிழிந்த தண்ணீர் முழங்கை வரை வழிந்தது. வருகிற மாதம் கண்டீன் வேலையை விடப்போகிறேன் என்று சொன்னாள். இனிமேல் அந்தக் கரண்டியைத் தொடமாட்டேன் என்றாள்.

"அந்த சோயாவுல முட்டை இருந்துச்சு," என்றேன்.

"எந்த சோயாவுல?"

"விரதத்துல நான் கொண்டு வந்தது. ஒட்டுறதுக்கு முட்டைத் தூள் போடுவாங்களாம். எனக்குத் தெரியாதும்மா. அந்தப் பக்கம் நான் போனதே இல்ல."

அவள் என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. பாத்திரத்தையே பார்த்தாள்.

"எப்பத் தெரிஞ்சுது?"

"முப்பத்தி நாலாவது நாள்."

மனதுக்குள் கணக்குப் போட்டாள். உதடு அசைந்தது.

"அப்போ பதினாலு நாள் இருந்துச்சு."

"ஆமா."

"பதினாலு நாளு. பாய்ல படுத்தேன், பாத்துக்கிட்டே இருந்தீங்க. குடத்தத் தூக்குனேன், பக்கத்துலயே நடந்து வந்தீங்க."

கையில் இருந்த சோயாவைப் பாத்திரத்தில் போட்டேன்.

"கோயில்ல கேட்டிருக்கலாம் இல்ல? பரிகாரம் சொல்லியிருப்பாங்க. இல்ல, இந்த வருஷம் வேணாம்னு நிப்பாட்டியிருப்பேன். அக்காகிட்ட சொல்லியிருப்பேன், அக்கா, ஒனக்கு இன்னும் ஒண்ணும் செய்யலன்னு. செஞ்சுட்டேன்னு சொன்னேனே லா அவங்ககிட்ட. கடைசி நாள்கூட சொன்னேன்."

அடுப்புப் பக்கம் இருந்து சமையல்காரர் குரல் கொடுத்தார். "அண்ணே, சோயா ஆச்சா?"

"இதுல இருக்கா?" என்று பாத்திரத்தைக் காட்டிக் கேட்டாள்.

"இல்ல. இது வெறும் காஞ்சது. ஒண்ணும் சேக்காதது. மூட்டைய நான்தான் பிரிச்சேன்."

"அதையும் நீங்கதான் கொண்டாந்தீங்க," என்றாள்.

எழுந்து உள்ளே போனாள். மூன்றாவது தண்ணீரை மாற்றினேன். பிழிந்தேன். வந்தவர்கள் எல்லாரும் வறுவல் நன்றாக இருக்கிறது என்று இரண்டாம் தடவை கேட்டு வாங்கினார்கள். பெரியம்மா முறையுள்ளவள், "ஆட்டுக்கறியே தோத்துடும் போங்க," என்றாள். என் மனைவி ரசத்தோடு இரண்டு வாய் சாப்பிட்டாள். இலையின் ஓரத்தில் சோயா அப்படியே இருந்தது.

அவள் என்னைத் திட்டவில்லை. பேசாமலும் இருக்கவில்லை. பசியாறக் கூப்பிட்டாள், சட்டை துவைத்தாள். கண்டீன் வேலையையும் விடவில்லை. ஆனால் நான் எதை வாங்கி வந்தாலும், ரொட்டியாக இருந்தாலும், மருந்து மாத்திரையாக இருந்தாலும், ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து எழுத்தைப் படித்துப் பார்த்தாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை துணி மடித்துக்கொண்டிருந்தபோது, யாரிடமோ சொல்வது போலச் சொன்னாள்.

"கோழிக் கரண்டியோட இருந்திருப்பேன். அது என் தப்பு. என் தப்போட நான் இருந்துக்குவேன். இப்ப ஒங்க தப்ப வெச்சுக்கிட்டு நான் என்ன செய்ய?"

மடித்த துணிகளை எடுத்து அலமாரியில் வைத்தேன்.

முட்டைத் தூள் அக்காவைக் கொல்லவில்லை. டாக்டர் முதலிலேயே சொன்னது எனக்கு நினைவிருக்கிறது. அவளுக்கும் நினைவிருக்கும். ஆனால் அவள் வாழ்க்கையில் தனக்கென்று எதையும் வேண்டிக்கொண்டவள் இல்லை. வளர்த்தவளுக்காக ஒரே ஒரு காரியத்தைக் குறையில்லாமல் செய்து முடிக்க நினைத்தாள். பசியோடு நின்றாள், தரையில் படுத்தாள், ஒரு சொட்டுப் பால் சிந்தாமல் நடந்தாள். அதை முழுதாகச் செய்தேன் என்று சொல்லிக்கொள்ள முடியாமல் ஆக்கியது நான். முதல் முறை தெரியாமல். பிறகு பதினான்கு நாள் தெரிந்தே.

போன மார்கழிக்கு முந்தின வாரம் அவள் மறுபடி பாயை எடுத்து வெயிலில் போட்டாள்.

"அக்காதான் இல்லையே," என்றேன்.

"மூணு வருஷம்னு வேண்டிக்கிட்டது நான். நான் இருக்கேனே."

என்னைப் பார்க்காமல் கேட்டாள். "காஞ்சது மூட்டையா கெடைக்குமா? பிரிக்காதது."

"இருபது கிலோ. ஒரு ஆளுக்கு ரொம்ப..."

"இருக்கட்டும்."

மோட்டார் சைக்கிளின் பின்னால் கட்டிக் கொண்டு வந்தேன். மூன்று மாடி தூக்கி வந்து சமையலறையில் நிறுத்தினேன். அவள் மண்டியிட்டு உட்கார்ந்து, மூட்டையின் மேல் இருந்த எழுத்தை விரல் வைத்துப் படித்தாள். உள்ளே என்ன இருக்கிறது என்ற இடத்தில் ஒன்றே ஒன்றுதான் எழுதியிருந்தது. சோயா மாவு. அதை இரண்டு தடவை வாய்விட்டுப் படித்தாள். மூட்டையைச் சுற்றி வந்து பின்பக்கமும் பார்த்தாள். பிறகு தையல் நூலைப் பிடித்து இழுத்தாள்.

தவறான முனை. நூல் இறுகிக்கொண்டது.

"அந்தப் பக்கம்," என்றேன்.

"நானே பாத்துக்கறேன்."

கத்தரிக்கோல் எடுத்து ஒவ்வொரு தையலாக வெட்டினாள். எனக்குக் கை துடித்தது. பின்னால் கட்டிக்கொண்டு நின்றேன். ஒரு கிண்ணம் அள்ளிக்கொண்டு, ஊசியில் கறுப்பு நூல் கோத்து, மூட்டையின் வாயை மறுபடி தைத்தாள். அன்றில் இருந்து தினமும் அப்படித்தான். வெட்டுவாள், அள்ளுவாள், தைப்பாள். வீட்டில் நாங்கள் இருவர் மட்டும்தான். யாரிடம் இருந்து காக்கிறாள் என்று கேட்க வேண்டிய அவசியம் எனக்கு இல்லை.

அவளே ஊறவைத்தாள், அவளே பிழிந்தாள். ஒரே ஒரு தண்ணீர். இந்தத் தடவை நானும் அவளோடு விரதம் இருந்தேன். அவள் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை, தட்டில் அவள் போட்டதைச் சாப்பிட்டேன். பயறு வாடை தொண்டை வரை அடித்தது. பதினேழு வருடம் அந்த வாடையைப் போக்குவதற்குச் சம்பளம் வாங்கியவன் நான். ஐந்து நாள் ஒன்றும் சொல்லாமல் விழுங்கினேன்.

ஆறாம் நாள் அவளே கேட்டாள். "வாடை அடிக்குதா?"

"இல்ல," என்று வாய் சொல்லிவிட்டது.

அவள் சோற்றைப் பிசைவதை நிறுத்தினாள். நிமிர்ந்து பார்க்கவில்லை. ஆனால் நிறுத்தினாள்.

"அடிக்குது," என்றேன். "முதல் நாள்ல இருந்தே அடிக்குது. ஒரு தண்ணி பத்தாது. மூணு மாத்தணும். ஒவ்வொரு தடவையும் நல்லாப் பிழியணும்."

அவள் மறுபடி சோற்றைப் பிசைந்தாள். தட்டில் இருந்ததை ஒரு துண்டு விடாமல் சாப்பிட்டு முடித்தாள்.

மறுநாள் காலை குளித்துவிட்டு வரும்போது சமையலறையில் தண்ணீர் ஊற்றும் சத்தம் கேட்டது. வடிக்கும் சத்தம். மறுபடி ஊற்றும் சத்தம். துண்டைப் பிடித்தபடி நடையிலேயே நின்றேன். கொஞ்ச நேரம் ஒன்றும் இல்லை. பிறகு மூன்றாவது தண்ணீர் விழுந்தது.

உள்ளே எட்டிப் பார்த்தேன். பாத்திரத்தில் தண்ணீர் தெளிவாக இருந்தது. அவள் எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு தரையில் உட்கார்ந்து, மூட்டையின் வாயைத் தைத்துக்கொண்டிருந்தாள்.